உறவுமுறை: மற்றவை

ரேஷன் கடையில் நான் விரலை வைத்ததும், கடைக்காரர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"இன்னாமா, பொண்ணுக்குக் கல்யாணத்த முடிச்சிட்டியா? தெருவுல ஒருத்தருக்கும் சொல்லாம கமுக்கமா முடிச்சிக்கினியே. ஒரு லட்டுகூடக் கண்ணுல காட்டல."

"எந்தப் பொண்ணுக்கு?" என்றேன். எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் அன்று காலை நான் சுட்ட தோசையில் நாலைத் தின்றுவிட்டு, சட்னியில் உப்பு கம்மி என்று குறையும் சொல்லிவிட்டு, பிளஸ் டூ மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள்.

அவர் மிஷினை என் பக்கம் திருப்பினார். மூன்று பேர் இருந்த கார்டில் இரண்டு பேர்தான் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும்.

"பேர எடுத்துட்டாங்களேமா. கல்யாணம் கட்டிக் குடுத்தா எடுப்பாங்க. இல்லன்னா..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிவிட்டார். கார்டிலிருந்து ஒரு பெண்ணின் பெயர் போக எங்கள் பக்கத்தில் இரண்டே வழிதான். ஒன்று, தாலி கட்டிக்கொண்டு அவளே போக வேண்டும். இல்லையென்றால் நாலு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இரண்டு பேருக்கான அரிசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அவள் நான் பெற்ற பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜூன் மாதம் முழுக்க எல்லாரும் என்னை அதைத்தான் சொல்லச் சொன்னார்கள்.

ஒன்பது வயதில் எங்களிடம் வந்தாள். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, காஞ்சிபுரத்திலேயே ஒரு இல்லத்தில் இருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் ஐயம்பேட்டைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறவள், முந்தானை ஓரத்து நூலைப் பிரித்து முடிச்சுப் போட்டுக் கொடுக்கிற வேலை. எங்களை நாலு தடவை வீட்டுக்கு வந்து பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஒரு பெண் அதிகாரி அவளை எங்களிடம் ஒப்படைத்தார். ஒப்படைக்கும்போது ஒன்று சொன்னார்.

"இது தத்து இல்லம்மா. வளக்கறதுக்குத்தான் குடுக்கறோம். புரிஞ்சிக்கினு கையெழுத்து போடுங்க. நாளைக்கு எந்த பேப்பர்லயும் உங்க இஷ்டத்துக்கு எதையும் எழுதிடாதீங்க. எங்கள ஒரு வார்த்த கேளுங்க."

சரி சரி என்று மாடு மாதிரி தலையாட்டினேன். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அதெல்லாம் காதில் விழுமா?

வந்த புதிதில் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள், ஆனால் "வாங்க", "போங்க" என்பாள். அம்மாவைப் போய் யாராவது வாங்க போங்க என்பார்களா? எங்கள் தெருவில் இல்லை. விருந்தாளியைச் சொல்வது போல, ரேஷன் அதிகாரியைச் சொல்வது போல, "சாப்டீங்களா, படுத்துக்கறீங்களா" என்று கேட்பாள். எனக்கு அழுகையாக வரும். சொல்லித் திருத்தவும் முடியாது. அதெல்லாம் சொல்லி வருவதா?

அடுத்த வருஷம் வைகாசியில் கருட சேவைக்குக் கூட்டிப் போனேன். பெருமாளைப் பார்க்கிற ஆவலில் கூட்டம் நெட்டித் தள்ள, அவள் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. அரை மணி நேரம் நான் பைத்தியக்காரி மாதிரி ஓடினேன். கடைசியில் போலீஸ் பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கையாலும் என் வயிற்றில் குத்தினாள். "எங்க போன நீ? என்ன வுட்டுட்டு எங்க போன நீ?" என்று கத்திக் கத்தி அழுதாள்.

நீ. அன்றைக்கு வாங்கிய குத்துதான் என் பிரசவ வலி என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். அதற்கப்புறம் வாங்க போங்க எல்லாம் போயே போய்விட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அடுத்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "உறவுமுறை இன்னாக்கா போடறது?"

"வளக்கற பொண்ணு. அந்த மாரி எதனா இருக்குதா?"

"இல்லக்கா. மகள், மருமகள், பேத்தின்னு போவுது. கடைசியில 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்குது. அத அமுக்கவா?"

எனக்குச் சுரீர் என்று ஏறியது. "மற்றவையா? அவ இன்னா மளிகை சாமானா? மகள்னு போடு!"

அவள் போட்டாள். புதுக் கார்டு வந்ததும் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். பெண் அதிகாரி சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஒரு கார்டில் ஒரு வார்த்தை, யாருக்கு என்ன நஷ்டம் என்று தள்ளிவிட்டேன்.

எட்டு வருஷம் அந்த வார்த்தை பத்திரமாக இருந்தது. இப்போது யார் எடுத்தது?

என் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தார். அரிசிப் பையை அவர் காலடியில் வைத்தேன். "பொண்ணு பேரு கார்டுல இல்ல. எவனோ எடுத்துக்கினான். வா, ஆபீசுக்குப் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

அவர் கை கழுவிக்கொண்டே இருந்தார். ஒரு சொம்புத் தண்ணீரும் தீர்ந்த பிறகும் கழுவினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"நீயா?"

"கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்யா! ஊருக்கே கேக்கட்டும்!"

கார்டுக்குக் கொடுத்திருந்த நம்பர் அவருடையது. ஓடிபி அவர் போனுக்குத்தான் வந்திருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தவரும் அவரே. பத்து நாளுக்கு முன்னால் அப்பாவும் பெண்ணும் போட்டோ எடுக்கப் போகிறோம் என்று கிளம்பினார்கள். திரும்பி வரும்போது எனக்குப் பிடிக்கும் என்று பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்து, இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து, இன்னொன்று வை, இன்னொன்று வை என்று உபசரித்தார்கள். நானும் என் மேல் இவ்வளவு பாசமா என்று மூக்கு முட்டத் தின்றேன். அந்தப் பரோட்டாவை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

"காரணம்னு இன்னா போட்டீங்க?" என்று கேட்டேன். "செத்துட்டான்னா?"

"சீ, வாய கழுவு. கல்யாணம்னா பத்திரிக்கை கேப்பாங்க. இன்னொண்ண போட கை வரல. 'மற்றவை'ன்னு போட்டோம்."

அதற்குள் அவளும் ஜெராக்ஸ் கட்டோடு வந்து வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றுவிட்டாள். அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவளுக்குப் பிசியோதெரபி படிக்க ஆசை. ஆட்டோ ஓட்டி ஓட்டி இடுப்பு போன அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வந்த ஆசை. சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் எங்களால் எட்டிப் பார்க்கக்கூட முடியாதது. அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு டிரஸ்ட் படிப்பு முடிகிறவரை கட்டணமும் ஹாஸ்டலும் ஏற்றுக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஆதரவில்லாதவள் என்று சான்றிதழ் வேண்டும். வி.ஏ.ஓ. ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறாள்.

"அவரு கார்ட வாங்கிப் பாத்தாரு மா. 'அப்பா அம்மா ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் கார்டுல இருக்காங்க, ஆதரவில்லன்னு நான் எப்டி எழுதறது'ன்னு கேட்டாரு. 'மகள்'னு போட்டிருக்குதில்ல."

"போட்டது நான்டி! என் பொண்ணுன்னு போட்டேன். அது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லல."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? ஒரு வார்த்த! ஒரே வார்த்த கேட்டிருந்தா?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

அவளை யாராவது அனாதை என்று சொன்னால் நாக்கை அறுப்பேன் என்று தெருவில் நின்று கத்தியவள் நான். ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்தான். ஆனால் அதற்காக முதுகுக்குப் பின்னால் போவதா? வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். கம்மலை விற்கிறேன் என்றேன், ஆட்டோவை விற்கலாம் என்றேன். "ஆட்டோவ வித்துட்டு அப்பா இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டாள். அதற்கும் கத்தினேன். "ஒம்போது வருஷம் சோறு போட்ட வீட்டுல ரெண்டு பேரும் சேந்து எனக்குக் குழி தோண்டினீங்களா?" என்றேன். சோற்றைச் சொல்லிக் காட்டினேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. வாயை விட்டுப் போன பிறகு என்ன செய்ய?

நாலு நாள் இரண்டு பேரிடமும் பேசவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு என் மணைப்பலகையில் போய் உட்கார்ந்துவிடுவேன். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தால் நூல் எங்கே தெரிகிறது? ஒரு கல்யாணப் புடவைக்கு ஒரு ஓரத்தில் குஞ்சம் நெருக்கமாகவும் இன்னொரு ஓரத்தில் எட்ட எட்டவும் கட்டிவிட்டேன். கடையில் முதல் முறையாக என் வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பெயர் எடுத்ததோடு விஷயம் முடியவில்லை என்பதும் அந்த நாட்களில்தான் தெரிந்தது. வளர்ப்பவர்கள் தங்கள் கைப்பட எழுதித் தர வேண்டும் என்று வி.ஏ.ஓ. கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் கையில் இல்லை என்றால் டிரஸ்டின் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவள் ஒரு தடவைகூட என்னிடம் எழுதிக் கொடு என்று கேட்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். பிரித்து வைத்த நூலை எடுத்து, கேட்காமலேயே எனக்கு முடிச்சுக்குச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தாள்.

"பட்டுக் கடையில சேல்ஸுக்கு ஆள் கேட்டிருந்தாங்கல்ல, போயி பேசிட்டு வந்தேன். திங்கக்கெழம வரச் சொன்னாங்க. பேர திருப்பி கார்டுல ஏத்திடலாம்மா. நான் போயி எழுதிக் குடுத்துட்டு வரேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். வெண்டைக்காய் வாங்கி வரட்டுமா என்று கேட்பது போலச் சொன்னாள். அந்தக் கடைகளில் காலையிலிருந்து நின்றபடியே புடவை பிரித்துக் காட்டும் பெண்களை எனக்குத் தெரியும். அதில் பாதிப் பேர் நன்றாகப் படித்தவர்கள்தான்.

"சேல்ஸுக்கு அனுப்பறதுக்கா உன்ன வளத்தேன்? எழுந்து துணிய மாத்து. எந்த ஆபீசு? நட."

வி.ஏ.ஓ. வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார். மேற்படி பெண் எனக்கு இரத்த உறவு இல்லை என்றும், எனக்கும் அவளுக்கும் சட்டப்படி எந்த உறவும் இல்லை என்றும், அவளுக்குத் தாய் தகப்பன் எவரும் இல்லை என்றும், குடும்ப அட்டையில் மகள் என்று சேர்த்தது தவறு என்றும். நான் எட்டாவதோடு நின்றவள். அந்த 'தவறு' என்கிற இடத்தில் பேனா ஓடவில்லை. கொஞ்சம் நிறுத்திவிட்டு எழுதினேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குனிந்து, "மா, இரத்தத்துக்கு ஒரு 'த்' வுட்டுட்ட" என்றாள்.

அவள் என் பிள்ளை இல்லை என்று எழுதுகிறேன், அதில் எழுத்துப் பிழை பார்த்து அவளே திருத்துகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரம் அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது. 'த்' போட்டேன்.

'மா' என்றதும் வி.ஏ.ஓ. நிமிர்ந்து பார்த்தார். "நான் ஒண்ணும் கேக்கல," என்று மறுபடி குனிந்துகொண்டார். முத்திரை குத்திக் கொடுக்கும்போது அவளிடம் சொன்னார்: "காலேஜுல இப்டி கூப்புடாதமா. டிரஸ்ட் ஆளுங்க உக்காந்திருப்பாங்க. அம்மா கிம்மான்னு காதுல வுழுந்துச்சு, ஃபைல மூடி வச்சிடுவாங்க. ஹாஸ்டல்லயும் பாத்து நடந்துக்கோ."

கல்லூரிக்கு நீ வராதே, நான் கூட்டிப் போகிறேன் என்றார் என் வீட்டுக்காரர். அவரோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. "நீ ஓடிபி குடுத்த வரைக்கும் போதும்," என்று சொல்லிவிட்டு நானே கிளம்பினேன். பஸ்ஸில் அவளிடம் நான்தான் சொன்னேன். யாரென்று கேட்டால் தெரிந்த ஆன்ட்டி என்று சொல். துணைக்கு வந்திருக்கிறார்கள் என்று சொல். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ம் என்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சான்றிதழைப் பார்த்தார்கள், மார்க்கைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள். கடைசியில் கண்ணாடி போட்ட அம்மாள் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

அவள் தடுமாறுவாள் என்று நினைத்தேன். கண் கலங்கும், நான் முந்திக்கொண்டு பக்கத்து வீடு என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று தயாராகவே இருந்தேன்.

"தெரிஞ்ச ஆன்ட்டி மேடம். துணைக்கு வந்திருக்காங்க."

மணி மணியாகச் சொன்னாள். கண்ணாடி போட்ட அம்மாள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நாலரை வருஷப் படிப்பு, ஒரு பைசா இல்லாமல். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். என் வயிறு எரிந்தது, அதுதான் உண்மை. சொல்லச் சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நொடியாவது யோசிக்கக் கூடாதா?

வெளியே வராந்தாவில் அதையே கேட்டேன். "எப்டிடி அவ்ளோ சுளுவா வந்துச்சு உனக்கு?"

அவள் சான்றிதழை உறைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள். "இல்லத்துல இருந்தப்ப பாக்க வர்றவங்க எல்லாரும் அம்மா எங்கம்மான்னு கேப்பாங்க. யாரும் இல்லன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கம் மா."

எனக்குப் பழக்கமில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. ஹாஸ்டல் படிவத்தில் பார்க்க வருகிறவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, உறவு என்ற கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினாள். இந்த முறை எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். புளிசாதமும் வறுவலும் கட்டிக்கொண்டு, அவளுக்குப் பிடித்த முறுக்கு ஒரு டப்பா. வாசலில் காவலாளி நோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தான். மாடிப்படியில் அவள் தெரிந்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடி வந்தாள், கருட சேவையில் ஓடி வந்தாளே, அதே மாதிரி. நான் வயிற்றில் குத்து வாங்கத் தயாராக நின்றேன்.

பாதி வழியில் அவள் என் பின்னால் எதையோ பார்த்தாள். நானும் திரும்பினேன். வார்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஓடி வந்தவள் நடக்க ஆரம்பித்தாள். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். பக்கத்தில் வந்து நின்று, "வாங்க," என்றாள். "எப்ப வந்தீங்க? சாப்டீங்களா?"

வார்டன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கீங்களாமா?" என்று கேட்டுவிட்டு, முறுக்கு டப்பாவை அவளிடம் நீட்டினேன்.